கல்லூரி யாருக்காக நடக்கிறது?

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோரில் பலர் தமிழ்நாட்டில் கவுன்சலிங் வழியாகப் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட்-ஆஃப் போட்ட காலம் அது. எண் பெரியவர் முதலில் உள்ளே போவார். கிண்டி முதலில் நிரம்பும், அதன்பின் குரோம்பேட்டை, கோவை, மதுரை, காரைக்குடி என்று வரிசை இறங்கும். அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிபாரிசு பிடிக்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை அது நல்ல கல்லூரிகளில் கொண்டுபோய் உட்கார வைத்தது. ஆனால் அது நம்மிடம் ஒரு பழக்கத்தையும் விட்டுப் போயிருக்கிறது. உலகத்துக் கல்லூரிகளெல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன, நம் பிள்ளைக்கு எட்டுகிற மிக உயர்ந்த படியில் அதை ஏற்றிவிடுவதே நம் வேலை என்று நினைக்கிறோம். அதனால்தான் பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருநாள் ஹார்வி மட் என்றோ, ஓலின் என்றோ, ரோஸ்-ஹல்மன் என்றோ ஒரு பெயரைச் சொன்னால், “அது எங்கே இருக்கிறது? யாருக்குத் தெரியும்?” என்பது நம் முதல் கேள்வியாக வருகிறது. இடம் தெரியாதது குற்றமில்லை. இன்னொரு கேள்வி இதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அந்தக் கல்லூரி யாருக்காக நடத்தப்படுகிறது?

பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் பலருக்காக நடக்கிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்காக, மத்திய அரசின் ஆராய்ச்சி நிதிக்காக, தொழில் நிறுவனங்களின் ஒப்பந்தங்களுக்காக, மாநிலத்தின் பொருளாதாரத்துக்காக, சில இடங்களில் கால்பந்துக்காகவும்தான். அவை எல்லாமே நல்ல காரியங்கள். அங்கே இளங்கலை மாணவருக்கும் இடம் உண்டு. ஆனால் அவர் அந்த வீட்டின் ஒரே பிள்ளை இல்லை. அங்கே ஒரு பேராசிரியரின் பதவி உயர்வு பெரும்பாலும் அவருடைய ஆய்வுக் கட்டுரைகளாலும் அவர் கொண்டுவந்த நிதியாலும் தீர்மானமாகிறது. முதலாண்டு மாணவனுக்கு வெப்ப இயக்கவியலை எப்படிப் புரியவைத்தார் என்பதால் தீர்மானமாவது குறைவு. ரோஸ்-ஹல்மன் போன்ற கல்லூரியில் முனைவர் பட்டமே கிடையாது. இந்தியானா மாநிலத்து டெரி ஹோட் நகரில் 1874இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் ஏறத்தாழ 2,200 மாணவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட்டில் 1955இல் நிறுவிய ஹார்வி மட்டில் ஏறத்தாழ 900 பேர். மாசசூசெட்ஸில் 2002இல் முதல் வகுப்பைச் சேர்த்துக்கொண்ட ஓலினில் அதில் பாதிகூட இல்லை. நியூயார்க்கில் கப்பல் வடிவமைப்பை மட்டும் கற்பிக்கும் வெப் இன்ஸ்டிடியூட்டில் மொத்தமே நூறு பேர் அளவுதான். இந்த இடங்களில் இளங்கலை மாணவரை எடுத்துவிட்டால் கல்லூரி என்று சொல்ல மிச்சம் ஏதும் இருக்காது.

இப்போது தரவரிசைக்கு வருவோம், நம் வீடுகளில் அதற்குத்தான் கடைசிச் சொல் உரிமை. யு.எஸ். நியூஸ் வெளியிடும் இளங்கலைப் பொறியியல் பட்டியல் எப்படித் தயாராகிறது தெரியுமா? பொறியியல் கல்லூரிகளின் டீன்களையும் மூத்த பேராசிரியர்களையும் மற்றக் கல்லூரிகளுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். இந்தப் பட்டியலுக்கு அடிப்படை அந்தக் கருத்துக் கணிப்பு ஒன்றே. வகுப்பறையைப் பார்த்து எவரும் எண் போடுவதில்லை. நாடு முழுக்க இருக்கும் கல்லூரிகளில் ஒரு டீன் எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்திருக்க முடியும்? அவருக்குத் தெரிவது ஆய்வுக் கட்டுரைகளும், கருத்தரங்கில் சந்தித்த முகங்களும், பழைய பெயரும்தான். அதே நிறுவனம் முனைவர் பட்டம் தராத கல்லூரிகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ரோஸ்-ஹல்மன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தில் இருக்கிறது. அதையும் நான் பெரிய சாட்சியாகக் கொள்ளவில்லை, அதுவும் டீன்களின் கருத்துதானே. இரண்டும் இருவேறு பட்டியல்கள், ஒன்றின் பத்தாம் இடத்தையும் மற்றதன் முதலிடத்தையும் ஒப்பிட வழியில்லை என்பதை மட்டும் கவனித்தால் போதும். கட்-ஆஃப் வரிசை இங்கே அறுந்துபோகிறது.

சிறியதாக இருப்பதால் என்ன செய்ய முடிகிறது என்பதற்கு ஹார்வி மட்டின் கணினி அறிவியல் துறையைப் பார்க்கலாம். 2006இல் மரியா க்ளாவே அந்தக் கல்லூரியின் தலைவராக வந்தபோது அத்துறையைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவே இருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கணினியில் ஆர்வம் இல்லை என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. அங்கிருந்த ஆசிரியர்கள் தங்கள் முதல் பாடத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவர்களுக்கும் முதன்முறையாகத் தொடுபவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்தார்கள். தெரிந்தவர்கள் வகுப்பில் கேள்வி கேட்டே மற்றவர்களைச் சுருங்க வைப்பது அதனால் நின்றது. ஜாவாவுக்குப் பதில் பைத்தானைக் கொண்டுவந்தார்கள். முதலாண்டு மாணவிகளைக் கணினித் துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள், முதலாண்டு முடிந்த கோடையிலேயே ஆய்வு வேலை கொடுத்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பெண்களின் பங்கு 40 விழுக்காட்டை எட்டியது. இதில் எந்த மாற்றமும் மேதைமையால் வந்ததில்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய அளவு ஆசிரியர்கள், அவர்கள் எல்லோருக்கும் முதலாண்டுப் பாடமே முதல் கவலை, அதனால் மாற்ற முடிந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பல பிரிவுகளாக நடக்கும் ஒரு பாடத்தை ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படிப் புரட்டிப்போடப் பல குழுக்களைத் தாண்ட வேண்டியிருக்கும்.

அதே கல்லூரியில் 1963 முதல் ‘கிளினிக்’ என்ற ஏற்பாடு நடக்கிறது. ஒரு நிறுவனம் தன் உண்மையான பொறியியல் சிக்கல் ஒன்றைக் கட்டணத்தோடு கல்லூரியிடம் ஒப்படைக்கும்; நாலைந்து மாணவர்கள் ஓர் ஆண்டு அதில் உழைத்துத் தீர்வோடு போக வேண்டும். தீர்வு உதவாவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஓலினில் துறைகள் என்ற பிரிவே இல்லை, ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணி உறுதியும் இல்லை. முதல் ஆண்டிலிருந்தே செய்து பார்த்துக் கற்பதுதான் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. நம் ஊர் வழக்கத்தில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பலருக்கு எப்படி முடிந்தது என்பது இந்த அவைக்கு நன்றாகத் தெரியும். சிரிக்கிறீர்கள், அதனால் நான் விளக்கவில்லை.

கற்பித்தல் இவ்வளவு முக்கியமா, கெட்டிக்காரப் பிள்ளை எங்கே இருந்தாலும் படித்துக்கொள்ளாதா என்று ஒருவர் கேட்கலாம். எலைன் சீமோரும் நான்சி ஹியூவிட்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான விடை தருகிறது. அறிவியல், பொறியியல் படிப்பில் சேர்ந்து பாதியில் வேறு துறைக்குப் போனவர்களையும் தங்கிப் படித்தவர்களையும் அவர்கள் விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். வெளியேறியவர்கள் திறமை குறைந்தவர்கள் என்ற ஊகம் பொய்த்தது. வெளியேறியவர்களில் பத்தில் ஒன்பது பேர் மோசமான கற்பித்தலைக் குறையாகச் சொன்னார்கள். தங்கியவர்களிலும் பெரும்பாலோர் அதையே சொன்னார்கள். 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் கூட்டாளிகளும் 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்பில் தோற்பவர்கள் 34 விழுக்காடாகவும், மாணவரை வேலை செய்ய வைக்கும் வகுப்பில் 22 விழுக்காடாகவும் இருந்தார்கள். பலன் எல்லா அளவு வகுப்பிலும் தெரிந்தது, ஐம்பது பேருக்கு உட்பட்ட வகுப்பில் மிகுதியாகத் தெரிந்தது. அதே ஆண்டு வந்த கேலப்-பர்டியூ கணிப்பு 30,000 பட்டதாரிகளைக் கேட்டது. தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர், பாடத்தில் ஆர்வம் மூட்டிய ஆசிரியர், கனவுகளுக்கு ஊக்கம் தந்த வழிகாட்டி என்ற மூன்றும் கிடைத்தவர்கள் பிற்காலத்தில் தங்கள் வேலையில் ஒன்றிப்போகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அந்த மூன்றும் கிடைத்ததாக உறுதியாகச் சொன்னவர்கள் 14 விழுக்காடுதான்.

இந்தக் கடைசிக் கணிப்பை எனக்குச் சாதகமாக மட்டும் படித்தால் அது நேர்மையாகாது. அது தொடர்பைக் காட்டுகிறதே ஒழியக் காரணத்தை நிறுவவில்லை. ஊக்கமுள்ள பிள்ளை எங்கேயும் ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடித்திருக்கலாம். அதோடு, கல்லூரி அரசுடையதா, தனியாருடையதா, நுழைவது கடினமா என்பதெல்லாம் அதில் பெரிதாக எடுபடவில்லை. ஆகவே சிறிய கல்லூரி என்ற பலகை மாட்டிவிட்டால் நல்ல ஆசிரியர் கிடைத்துவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியர் மாணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வாய்ப்பு அங்கே ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பெரிய இடத்தில் அதை மாணவரே தேடிப் பெற வேண்டும். சங்கோஜப்படாமல் ஆசிரியர் அறைக் கதவைத் தட்டும் பிள்ளை எது, மூன்று வாரம் புரியாமலே உட்கார்ந்திருந்துவிட்டுத் தேர்வுக்கு முதல்நாள் அழும் பிள்ளை எது என்பது பெற்றோருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் கிடைக்காது.

இன்னொரு செய்தி நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும். பெரிய பல்கலைக்கழகத்தில் துறைகள் அதிகம், எனவே பிள்ளை மனம் மாறினாலும் வழி உண்டு என்று நம்புகிறோம். துறைகள் அதிகம் என்பது உண்மை. கதவுகள் திறந்திருக்கின்றனவா என்பது வேறு. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2025க்குள் 25,000 பொறியியல் மாணவர்கள் என்ற இலக்கை 2013இல் அறிவித்தது. அங்கே சேரும் மாணவர் முதலில் பொதுப் பொறியியலில்தான் சேர்கிறார்; முதலாண்டுக்குப் பின் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 3.75 சராசரி இருந்தால் விரும்பிய துறை தானாகக் கிடைக்கும். அதற்குக் கீழே போட்டிதான். அதாவது, கடல் கடந்து வந்தும் கவுன்சலிங் நம் பிள்ளைகளை விடவில்லை, ஓராண்டு தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவே. வேறு துறையில் சேர்ந்துவிட்டுப் பின்னர் கணினி அறிவியலுக்கு மாறுவது பல பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய நடவாத காரியம். ஹார்வி மட்டில் எல்லோரும் ஒரே அடிப்படைப் பாடங்களைப் படிக்கிறார்கள், முதல் அரையாண்டில் தர எண் கிடையாது, இரண்டாம் ஆண்டில்தான் துறையைச் சொன்னால் போதும், சொல்வதற்கு மதிப்பெண் வரம்பு இல்லை. பதினேழு வயதில் இயந்திரப் பொறியியல் என்று சொல்லும் பிள்ளையின் மனம் பத்தொன்பதில் வேறாக இருப்பது இயல்பு. துறைகள் நாற்பது இருந்து ஒன்றில் பூட்டப்படுவதைவிட, ஆறு இருந்து ஆறிலும் நடமாட முடிவது பல பிள்ளைகளுக்குப் பெரிய சுதந்திரம்.

பெயருக்கு மதிப்பு இல்லையா, வேலை கொடுப்பவன் பெயரைத்தானே பார்க்கிறான் என்ற மறுப்புக்கு வருகிறேன். இதுதான் நம் வீடுகளில் பலமானது. ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நுட்பம் செய்தார்கள். நுழைவது கடினமான கல்லூரியில் படித்தவரையும் படிக்காதவரையும் சும்மா ஒப்பிட்டால், உள்ளே போனவர் ஏற்கெனவே கெட்டிக்காரர் என்பது கணக்கைக் குழப்பும். அதனால் ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களை எடுத்து, அவர்களில் பெயர்பெற்ற இடத்துக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்கால வருமானத்தில் பொதுவாக வேறுபாடு இல்லை. பணவசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரி உதவியது. 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் ஐவி கல்லூரிகளையும் அவற்றையொத்த நாலைந்தையும் மாநிலத்தின் தலைசிறந்த அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டார்கள். சராசரி வருமானம் உயரவில்லை. ஆனால் நாட்டின் வருமான ஏணியில் உச்சி ஒரு விழுக்காட்டுக்குள் போகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி கூடியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெயர் உச்சியில் வேலை செய்கிறது, நடுவில் அவ்வளவாகச் செய்வதில்லை. உங்கள் மகன் நியூயார்க் முதலீட்டு வங்கிக்கோ உச்ச நீதிமன்ற எழுத்தர் பணிக்கோ போக நினைத்தால் அந்த உச்சிக்குப் பொருள் உண்டு. பாலம் கட்டவும் சுற்று வடிவமைக்கவும் போகிறவனுக்குப் பொறியியல் கல்விக்கான ஏபெட் அங்கீகாரம் பெற்ற பட்டமும், கையில் செய்த வேலையும், அவனை நன்றாக அறிந்த மூன்று ஆசிரியர்களும் அதைவிடப் பயன்படும். மேற்படிப்பில் கவலை என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது: ஒரு கல்லூரியின் இளங்கலைப் பட்டதாரிகளில் எத்தனை விழுக்காட்டினர் பின்னர் அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் ஆகிறார்கள் என்று பார்க்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளைக் கணக்குகளில் கால்டெக்குக்கு அருகே ஹார்வி மட் நிற்கிறது.

சிறிய இடம் குறுகிய இடமாகிவிடாதா என்பது நியாயமான அச்சம், பாதி சரியும்கூட. விண்வெளிப் பொறியியல்தான் வேண்டும், காற்றுச் சுரங்கம் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளை பர்டியூவுக்குப் போகட்டும், ஆம்ஸ்ட்ராங் படித்த இடம் அது. அணுப் பொறியியல், பெட்ரோலியம் போன்றவற்றுக்கும் அப்படியே. ஓலின் தருவது மூன்றே பட்டங்கள். பொறியியலே வேண்டாம், வரலாறு படிக்கிறேன் என்று இரண்டாம் ஆண்டில் மனம் திரும்பினால் அங்கே அதற்குத் துறை இல்லை. ஆனால் இந்தக் கல்லூரிகள் பலவும் தனித் தீவுகளாக இல்லை. ஹார்வி மட்டுக்குப் பக்கத்திலேயே பொமோனா, ஸ்கிரிப்ஸ், கிளேர்மான்ட் மெக்கென்னா, பிட்சர் என நான்கு கல்லூரிகள். நடந்துபோய் அங்கே பாடம் படிக்கலாம், அதோடு மட்டின் சொந்தப் பாடத்திட்டத்திலேயே கணிசமான பங்கு இலக்கியம், சமூக அறிவியல், கலை. ஓலின் மாணவர் பாப்சனிலும் வெல்ஸ்லியிலும் பதிவு செய்துகொள்ளலாம். டெரி ஹோட் சிறிய ஊர்தான். தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர்கூட இருக்கமாட்டார்களோ என்று கவலைப்படும் அம்மாவின் கவலையை நான் தள்ளமாட்டேன். அதைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும், பிள்ளைக்காகத் தீர்மானிக்கக் கூடாது.

இவற்றைவிடக் கனமான இரண்டு குறைகளை விளம்பரப் புத்தகங்கள் சொல்லாது. முதலாவது, சிறிய இடத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. 2017இல் ஹார்வி மட்டில் மாணவர்களின் பாடச் சுமையும் மனச்சோர்வும் வெடித்து வெளியே வந்தன. வெளியாட்களைக் கொண்டு எழுதிய ஓர் அறிக்கை கசிந்தது, மாணவர்கள் போராடினார்கள், வகுப்புகளை நிறுத்திவைத்துப் பேச வேண்டியிருந்தது. எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கும் 900 பேரில் பின்தங்குவது, 40,000 பேரில் பின்தங்குவதைவிட அதிகம் உறைக்கும். இரண்டாவது பணம். சிறிய கல்லூரி ஒரு தவறான முடிவைத் தாங்காது. 1859இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்விக் கட்டணமில்லாமல் பொறியியலும் கலையும் கற்பித்துப் புகழ்பெற்றது நியூயார்க்கின் கூப்பர் யூனியன். 2006இல் 17.5 கோடி டாலர் கடன் வாங்கியது, புதுக் கட்டடம் எழுந்தது, நிதி நெருக்கடி வந்தது. 2014இல் சேர்ந்த மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. பழைய நிலைக்குத் திரும்பும் முயற்சியில் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2024இல் அறிவித்தார்கள். ஓலினும் முதலில் எல்லோருக்கும் முழுக் கல்விக் கட்டண உதவி தந்தது, 2008 நெருக்கடிக்குப் பின் 2010இல் அதைப் பாதியாக்கியது. ஆகவே ஒரு சிறிய கல்லூரியின் அறக்கட்டளை நிதி எவ்வளவு, கடன் எவ்வளவு, சேர்க்கை கூடுகிறதா குறைகிறதா என்று கேட்பது பெற்றோரின் வேலை. மாணவருக்கு அது தோன்றாது, தோன்ற வேண்டியதும் இல்லை.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதை வீட்டில் மறைத்துப் பேசுகிறோம். “நீ நல்லாப் படி, மத்ததை அப்பா பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் கையைப் பிசைகிறோம். ஹார்வி மட்டின் ஓராண்டு மொத்தச் செலவு 90,000 டாலருக்கும் மேல். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதில் பாதிக்கும் கீழே முடியும் இடங்கள் பல. பட்டியல் விலை எல்லோரும் கொடுக்கும் விலை இல்லை என்பது உண்மை. ஒவ்வொரு கல்லூரியும் நிகர விலைக் கணிப்பானைத் தன் தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டமே இருக்கிறது, அரை மணி நேரத்தில் ஒரு மதிப்பீடு கிடைத்துவிடும். ஆனால் இருவரும் மென்பொருள் துறையில் சம்பாதிக்கும் வீட்டுக்குத் தேவை அடிப்படையிலான உதவி பெரும்பாலும் கிடைக்காது, மதிப்பெண் அடிப்படையிலான உதவிதான் மிச்சம். அது கல்லூரிக்குக் கல்லூரி மிகவும் மாறும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கவனம் தேவை. ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி இல்லை. 21 வயதில் அந்தத் தகுதி முடிந்து, படிப்பின் நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேரும். தங்கள் நிதியுதவியில் அந்தப் பிள்ளையை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியிடமும் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் இந்தப் பதில் கையில் இருக்க வேண்டும். அந்த வழியில் போனால் பல கல்லூரிகளின் உதவித் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். இத்தனைக்குப் பிறகும் விலை வித்தியாசம் நான்காண்டில் இரண்டு லட்சம் டாலர் என்று நின்றால், நான் இதுவரை சொன்ன எந்த நன்மையும் அந்தத் தொகைக்குக் கடன் வாங்கும் அளவுக்குப் பெரியது என்று என்னால் வாதிட முடியாது.

எடை போடுவது எப்படி? கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுத் தகவல் படிவத்தை வெளியிடுகின்றன. அதில் எத்தனை வகுப்புகள் இருபது பேருக்குக் கீழே, எத்தனை நூறு பேருக்கு மேலே என்று அட்டவணை இருக்கும். அதைப் படிப்பதிலும் ஒரு சூதானம் வேண்டும். ஒரு துறையில் 15 பேர் கொண்ட வகுப்பு பத்தும், 300 பேர் கொண்ட வகுப்பு ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். “எங்கள் வகுப்புகளில் 91 விழுக்காடு இருபது பேருக்கு உட்பட்டவை” என்று கல்லூரி சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் மொத்தம் 450 இருக்கைகளில் 300 அந்தப் பெரிய மண்டபத்தில் இருக்கின்றன; மாணவர் பார்வையில் மூன்றில் இரண்டு பங்கு படிப்பு அங்கேதான் நடக்கிறது. எனவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, முதலாண்டுக் கணக்கும் இயற்பியலும் எத்தனை பேர் கொண்ட வகுப்பு, பாடம் எடுப்பவர் பேராசிரியரா பட்டமேற்படிப்பு மாணவரா என்று நேராகக் கேட்க வேண்டும். முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பொறியியலிலேயே பட்டம் பெற்றார்கள் என்பது அடுத்த கேள்வி. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வழிகாட்டியின் பின்னால் நடந்து நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்துவிட்டு வருவதைவிட, பிள்ளை ஒரு வகுப்பில் முழுதாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்பது மேல். ஓலின் இதை நன்றாகப் புரிந்துகொண்ட கல்லூரி. இறுதிக் கட்ட விண்ணப்பதாரர்களை ஒரு வார இறுதிக்கு வரவழைத்து, குழுவாக எதையாவது கட்டச் சொல்லி, பேசிப் பார்த்து, அதன்பிறகே முடிவு சொல்லும் வழக்கம் அதற்கு நெடுங்காலமாக உண்டு. அந்த இரண்டு நாளில் பிள்ளையும் கல்லூரியைச் சோதித்துவிடுகிறது.

கேள்விகளைப் பெற்றோர் தயார் செய்யலாம், பதிலைப் பிள்ளைதான் கேட்டு வர வேண்டும். வளாகச் சுற்றில் முன்வரிசையில் நின்று நாமே கேள்வி கேட்டுக்கொண்டு, மகனைப் பின்னால் போனைப் பார்க்க விட்டுவிடும் காட்சி எல்லா வளாகத்திலும் உண்டு. பணத்தின் எல்லை, விசாவின் நிலை, கல்லூரியின் நிதி ஆரோக்கியம் இவை மூன்றும் நம் பொறுப்பு. அவற்றை அக்டோபருக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், அந்த எல்லைக்குள் எங்கே போவது என்பதைப் பதினேழு வயதுப் பிள்ளை நம்மைவிட நன்றாகவே எடைபோடும். ஊரிலிருந்து போனில் “எந்த காலேஜ்?” என்று கேட்கும் பெரியப்பாவுக்கு ஹார்வி மட் என்றால் புரியாது, அவருக்குச் சொல்ல இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவாகும்.

இவ்வளவும் கேட்டபின் பிள்ளை, “எனக்குப் பெரிய பல்கலைக்கழகம்தான் பிடித்திருக்கிறது” என்று சொன்னால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். 40,000 பேர் நடுவே இருப்பதே சில பிள்ளைகளுக்கு மூச்சு விடும் வெளி. அப்போது கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான், இடம் மட்டும் மாறும். ஆனர்ஸ் பிரிவு இருக்கிறதா, அதில் முதலாண்டுப் பாடங்கள் தனியாக நடக்கின்றனவா? இளங்கலை மாணவரை எந்த ஆய்வகம் முதலாண்டிலேயே சேர்த்துக்கொள்கிறது? விரும்பிய துறைக்குள் போக எந்த மதிப்பெண் வேண்டும், கிடைக்காவிட்டால் அடுத்த வழி என்ன? ஆசிரியரை அவருடைய அலுவல் நேரத்தில் போய்ப் பார்க்க மாணவர்கள் உண்மையில் போகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நிர்வாகத்திடம் கேட்காதீர்கள். உணவகத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் உங்கள் மகளே போய்க் கேட்கட்டும்.